சின்ன ஸ்மோக் டெஸ்டர்: மிதவைக் குண்டு இல்லாததை வாங்காதீர்கள்

ஐடிலில் தடுமாற்றம், செக் இன்ஜின் விளக்கு, ஸ்கேனரில் பி0171 (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று சொல்லும் பிழைக் குறியீடு). இந்த மூன்றும் சேர்ந்து வந்ததும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்ல ஆள் இருந்தார்கள். நான் அந்தப் பணத்தில், புகையை உள்ளே விட்டுக் காற்றுக் கசிவைக் காட்டும் ஒரு சின்ன ஸ்மோக் டெஸ்டர் வாங்கினேன்.

அதை எடுப்பதற்கு முன்பே ஸ்கேனர் பாதி வேலையை முடித்திருந்தது. ஐடிலில் ஃப்யூவல் ட்ரிம் (இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) 20 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது, 2500 ஆர்.பி.எம்.முக்கு ரேஸ் கொடுத்ததும் சர்ரென்று இறங்கியது. உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரின் கணக்கில் வராத காற்று எங்கோ உள்ளே நுழைகிறது என்று அர்த்தம். ரேஸ் கொடுக்கக் கொடுக்க ட்ரிம் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள், இந்தப் பெட்டி தேவைப்படாது.

உள்ளே பெரிய வித்தை எதுவுமில்லை. 12 வோல்ட் பேட்டரியில் ஒரு கம்பி சூடாகி மினரல் ஆயிலைப் புகையாக்கும், குட்டி பம்ப் அதை இன்ஜினுக்குக் காற்று போகும் பாதையான இன்டேக்குக்குள் தள்ளும். இன்ஜின் ஆஃபில் இருக்க வேண்டும். ஒரு பி.எஸ்.ஐ. அழுத்தமே தாராளம்.

கூடவே கொடுத்த ரப்பர் கூம்புதான் மட்டம். மடிப்பு மடிப்பான இன்டேக் குழாயில் அது உட்காரவே இல்லை. ஒரு நைட்ரைல் கையுறையைக் குழாயின் வாயில் மாட்டி கிளாம்ப் போட்டேன். பிரேக் பூஸ்டர் (பிரேக் மிதியை லேசாக்கும் பாகம்) ஹோஸ் இன்டேக்கில் சேரும் இடத்தில் புகையைக் கொடுத்ததும் கையுறை விரல்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. ஓசியில் கிடைத்த பிரஷர் மீட்டர்!

கொஞ்ச நேரத்தில் மேனிஃபோல்டுக்குக் கீழே, பி.சி.வி. ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் குழாய்) வளையும் இடத்தில், நூல் மாதிரி புகை வந்தது. மேலிருந்து பார்த்தால் புது ஹோஸ் போலத்தான் இருந்தது, வெடிப்பு அடிப்பக்கம்.

இப்போது மிதவைக் குண்டு. டெஸ்டரின் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் அந்தக் குண்டு, எவ்வளவு புகை வெளியேறுகிறதோ அவ்வளவு உயரும். வெடிப்பை விரலால் பொத்தியதும் இறங்கியது, ஆனால் அடியைத் தொடவில்லை. இன்னொரு ஓட்டை இருக்கிறது! தேடினால் ஆயில் டிப்ஸ்டிக் ஓ-ரிங். குண்டு இல்லாத மாடல் என்றால் ஹோஸோடு நிறுத்தியிருப்பேன்.

கார்பரேட்டர் கிளீனரைப் பீய்ச்சித் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அந்த ஸ்ப்ரே தீப்பிடிக்கும். காற்றில் பரவி தப்பான இடத்தையும் காட்டும்.

எல்லாவற்றையும் இது கண்டுபிடித்துவிடாது. பிரேக் பூஸ்டருக்குள் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருந்தால் ஒருவழி செக் வால்வு புகையை மறிக்கும். இன்ஜின் ஓடும்போது அந்த ஹோஸை நெரித்து ஐடில் மாறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். குளிரில் மட்டும் லீக் ஆகும் கேஸ்கெட்டை வண்டி சூடாவதற்கு முன்பே சோதியுங்கள். சைலன்சரில் புகை வந்தால் பதற வேண்டாம். ஏதோ ஒரு சிலிண்டரில் இரண்டு வால்வும் திறந்து நிற்கலாம்.

காற்றில் ஓடும் இந்தப் பெட்டியைப் பெட்ரோல் டேங்க் வேப்பர் லைனில் மட்டும் மாட்டாதீர்கள். அதற்கு நைட்ரஜனில் ஓடும் மெஷின் வேறு இருக்கிறது. அப்புறம், டிக்கியில் படுக்கவைத்தால் ஆயில் கசியும், நிமிர்த்தியே வையுங்கள்.