கென்யாவையும் தான்சானியாவையும் ஒப்பிட குளோபல் ஃபின்டெக்ஸ் போதுமா?

உலக வங்கி 2011 முதல் வெளியிட்டுவரும் குளோபல் ஃபின்டெக்ஸ், பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரிடம் நேரடியாகக் கேட்டுத் திரட்டிய நிதிப் பழக்கங்களின் தரவுத்தளம், கட்டணம் எதுவுமில்லை. வங்கிகள் தரும் எண்ணிக்கையில் ஒருவரே மூன்று கணக்கு வைத்திருந்தால் மூன்றாகவே சேரும். இங்கே எண்ணப்படுவது ஆள் என்பதால், இரு நாடுகளின் மக்களிடையே நிதிச்சேவை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை ஒப்பிட இதைவிட எளிதில் கிடைக்கும் கருவியை நான் அறியேன்.

முதல் பார்வைக்குக் கதை தெளிவாகத் தெரிகிறது. கணக்கு வைத்திருப்போர் கென்யாவில் 2011இல் 42 விழுக்காடு, 2014இல் 75, 2017இல் 82. தான்சானியாவில் அதே ஆண்டுகளில் 17, 40, 47. ஆனால் 2011க்கும் 2014க்கும் இடையிலான தாவலை அப்படியே நம்பிவிடக் கூடாது. 2011ஆம் ஆண்டின் எண்ணில் வங்கி போன்ற நிதி நிறுவனக் கணக்குகள் மட்டுமே உள்ளன. கைபேசிப் பணக் கணக்குகள் 2014இல்தான் சேர்க்கப்பட்டன. கைபேசி வழியே பணம் அனுப்பவும் பெறவும் உதவும் எம்-பெசா கென்யாவில் 2007இலும் தான்சானியாவில் 2008இலும் தொடங்கிவிட்ட சேவை என்பதை நினைத்தால், இந்த வரையறை மாற்றம் எவ்வளவு பெரியது என்பது புரியும். நிதி நிறுவனக் கணக்குகளை மட்டும் தனியே பிரித்தால் இந்த மூன்றாண்டில் கென்யா 42இலிருந்து 55க்கு உயர்ந்திருக்கிறது; தான்சானியாவோ 17இலிருந்து 19க்குத்தான் வந்திருக்கிறது. அங்கு நிகழ்ந்த விரிவாக்கம் பெரும்பாலும் கைபேசி வழியானது என்னும் முக்கியமான உண்மை, மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்குப் புலப்படாது. நல்லவேளையாக இரு வகைகளும் தனித்தனி நெடுவரிசைகளாகவே தரப்பட்டுள்ளன.

2021இல் கென்யாவின் எண் 79ஆகக் குறைந்ததைப் பின்னடைவு என்று எழுதுவது அவசரம். ஒரு நாட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கேட்டுப் பெறும் மதிப்பீட்டில் மூன்று புள்ளி வேறுபாடு பிழை வரம்புக்குள்ளேயே அடங்கக்கூடும். அதே சுற்றில் தான்சானியா 52ஐ எட்டியதையும் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

இத்தரவுத்தளத்தின் உண்மையான குறை, அது 2011க்கு முன்னால் எதையும் சொல்லாதது. இரு நாடுகளின் இடைவெளிக்கு வேர் அதற்கு வெகு முன்பே இருக்கிறது. 1967இல், சோசலிசக் கொள்கையை அறிவித்த அருஷா பிரகடனத்தை ஒட்டி தான்சானியா வங்கிகளை அரசுடைமையாக்கியது. தனியார் வங்கிகளுக்கு மீண்டும் வழிவிட்ட சட்டம் 1991இல்தான் வந்தது. நைரோபி பங்குச்சந்தை 1954இலேயே அமைந்துவிட, தான்சானியாவின் தார் எஸ் சலாமில் பங்கு வணிகம் தொடங்கியது 1998இல்.

எனவே ஃபின்டெக்ஸை மட்டும் வைத்து நிதி வளர்ச்சியை எடைபோட வேண்டாம் என்பதே என் பரிந்துரை. தனியார் துறைக்கான கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை விழுக்காடு என்ற நீண்டகாலத் தொடரையும் உலக வங்கியே இலவசமாகத் தருகிறது. அதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கென்யா 2016 முதல் 2019 வரை வங்கிக் கடன் வட்டிக்கு உச்சவரம்பு விதித்திருந்தது. வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கிய அந்தக் காலத்தின் நடுவில்தான் ஃபின்டெக்ஸின் 82 விழுக்காடு பதிவாகியிருக்கிறது; கணக்குகள் பரவுவதும் கடன் பெருகுவதும் ஒன்றல்ல.