வைட்டமின் டி மட்டும் போதுமா, கே2 சேர்த்தது வேண்டுமா?

மருந்துக்கடையில் வைட்டமின் டி3 கேட்டால் இப்போது இரண்டு வகை அட்டைகள் கிடைக்கின்றன. ஒன்றில் டி3 மட்டும் இருக்கும். மற்றொன்றில் எம்கே-7 என்னும் வைட்டமின் கே2 வகையும் சேர்ந்திருக்கும். இரண்டாவதை வாங்கினால், உடலில் சேரும் கால்சியம் ரத்தக்குழாயில் படியாமல் எலும்புக்குப் போகும் என்கிறார்கள்.

இந்த விளக்கத்துக்கு உடலியல் அடிப்படை உண்டு. குடலிலிருந்து கால்சியத்தை உறிஞ்ச உதவும் வைட்டமின் டி, எலும்பில் ஆஸ்டியோகால்சின் என்ற புரதம் உருவாவதையும் தூண்டுகிறது. அந்தப் புரதமும், ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படிவதைத் தடுக்கும் வேறொரு புரதமும், வைட்டமின் கே கிடைத்தால்தான் முழுமையாகச் செயல்படும் நிலையை அடைகின்றன. ஆனால், உடலுக்குள் ஒரு வழிமுறை இருப்பதாலேயே மாத்திரையால் பலன் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது.

நெதர்லாந்தில் மாதவிடாய் நின்ற 244 பெண்களிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், மூன்று ஆண்டுகள் நாளொன்றுக்கு 180 மைக்ரோகிராம் எம்கே-7 எடுத்தவர்களுக்கு முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலும் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியிலும் எலும்பு அடர்த்தி குறையும் வேகம் மட்டுப்பட்டது. அதே சமயம், இதய வால்வில் கால்சியம் படிந்திருந்த 365 முதிய ஆண்களிடம் டென்மார்க்கில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், 720 மைக்ரோகிராம் எம்கே-7 மாத்திரையை டி3-உடன் சேர்த்து இரண்டு ஆண்டுகள் கொடுத்தும் படிவு வளரும் வேகம் குறையவில்லை. ஆகவே எலும்பைப் பொறுத்தவரை கே2-வுக்கு ஓரளவு ஆதரவு இருக்கிறது. ரத்தக்குழாயைக் காக்கும் என்ற வாக்குறுதியை நம்பி வாங்குவதற்கு எனக்குப் போதிய காரணம் தெரியவில்லை.

டி மட்டும் எடுப்பதும் எல்லோருக்கும் தேவையானதன்று. அமெரிக்காவில் 25,000-க்கும் மேற்பட்டோருக்குத் தினமும் 2,000 யூனிட் டி3 அல்லது மருந்தே இல்லாத ஒப்பீட்டு மாத்திரை கொடுத்துப் பார்த்ததில், எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022-இல் தெரிந்தது. அவர்கள் குறைபாடு உள்ளவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். குறைபாடு உறுதியானவருக்கு டி மருந்து தேவை. அவருக்கும் கே2 கட்டாயமில்லை.

என் தந்தைக்குச் செயற்கை இதய வால்வு பொருத்தியிருப்பதால் அவர் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுத்துவருகிறார். சென்ற ஆண்டு ஒரு மருந்துக்கடையில், மருத்துவர் எழுதிய டி3-க்குப் பதிலாகக் கே2 சேர்த்ததைக் கொடுத்துவிட்டார்கள். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் "மெனாகுயினோன்-7" என்று இருந்ததைத் தற்செயலாகக் கண்டேன். அதுவும் கே2-வின் பெயர்தான். வைட்டமின் கே-யின் செயலைத் தடுத்தே வார்ஃபரின் வேலை செய்கிறது. சிறிதளவு எம்கே-7 கூட அந்த மருந்தின் வீரியத்தைக் குறைத்து, வால்வில் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டலாம். வார்ஃபரினோ அதே வகை மருந்தான அசினோகூமராலோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கே2 சேர்ந்த அட்டையைத் தொடவே கூடாது.

மற்றவர்களுக்குச் சோற்றோடு வரும் கீரையிலேயே வைட்டமின் கே-யின் இன்னொரு வகையான கே1 தாராளமாகக் கிடைக்கிறது. கொழுப்பில் கரையும் சத்து என்பதால் எண்ணெய் விட்டு வதக்கினால் நன்றாக உறிஞ்சப்படும். டி மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வதும் இதனால்தான்.

கே2 சேர்ந்திருப்பதால் டி எவ்வளவு எடுத்தாலும் தீங்கில்லை என்று நினைப்பது பெரும் பிழை. வாரம் ஒருமுறை, குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டும் என்று எழுதித் தரப்படும் 60,000 யூனிட் மாத்திரையைத் தினமும் விழுங்கினால், ரத்தத்தில் கால்சியம் ஏறி, தீராத தாகம், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் ஆகியவை தொடங்கிச் சிறுநீரகப் பாதிப்பு வரை போகக்கூடும். உடன் எடுக்கும் கே2 அதைத் தடுக்காது.