கிண்டி ரேஸ் புக்கும் என் கோடு போட்ட நோட்டும்: ஒன்பது சீசன் அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் படித்து யாரும் பணக்காரர் ஆகப்போவதில்லை. நானே ஆகவில்லை. சைதாப்பேட்டையில் அதே வாடகை வீடு, அதே பழைய வண்டி. ஆனால் ஒன்பது சீசனாக, குதிரை ரேஸுக்கு முந்தின நாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ரேஸ் புக்கை விரித்து, எந்த ரேஸில் எது வரும் என்று நோட்டில் எழுதிவைத்து, மறுநாள் சாயங்காலம் அதே நோட்டில் சிவப்பு மையால் சரிபார்த்து வந்திருக்கிறேன். அதில் எது உதவியது, எது காலை வாரியது என்பதுதான் இங்கே. நோட்டின் கடைசிப் பக்கங்களில் என் மனைவி பால் கணக்கு எழுதுவாள். முழுசாக டேலி ஆகிற கணக்கு அது ஒன்றுதான்.

ரேஸ் புக் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு குதிரைக்கு ஒரு வரி. கடைசியாக ஓடிய ஓட்டங்களில் எத்தனையாவது வந்தது, வயது, சுமக்கும் எடை, ஓட்டும் ஜாக்கி, டிரெய்னர், எந்த கேட்டிலிருந்து கிளம்புகிறது, ரேட்டிங் (குதிரையின் தரத்துக்குத் தரும் புள்ளி) எவ்வளவு, எல்லாம் அந்த ஒரே வரியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். முதல் இரண்டு சீசன் நான் பார்த்தது கடைசி ஓட்டங்களை மட்டும்தான். 1, 1, 2 என்று இருந்தால் அதுதான் என் குதிரை. அந்த இரண்டு வருட நோட்டை இப்போது புரட்டினால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

தப்பு எங்கே என்று புரிய எனக்கு நாளானது. நம் ஊரில் பெரும்பாலான ரேஸ்கள் ஹேண்டிகேப், அதாவது நல்ல குதிரைக்கு அதிக எடை ஏற்றி எல்லாவற்றையும் சமமாக்கப் பார்க்கும் ரேஸ். ஜெயித்த குதிரைக்கு ரேட்டிங் ஏறும். ஒரு பாயிண்டுக்கு அரை கிலோ என்ற கணக்கில் முதுகில் எடையும் ஏறும். சென்னையில் ஐந்தாம் கிளாஸ் 25 ரேட்டிங் வரை, நான்காம் கிளாஸ் 20 முதல் 45, மூன்றாம் கிளாஸ் 40 முதல் 65 என்று போகும். ஒரே கிளாஸில் உச்சியில் இருக்கும் குதிரைக்கும் அடியில் இருக்கும் குதிரைக்கும் 25 பாயிண்ட் இடைவெளி, அதாவது பன்னிரண்டரை கிலோ வித்தியாசம் வரலாம். வரிசையாக இரண்டு ஜெயித்த குதிரை மூன்றாவது முறை எதைச் சுமந்துகொண்டு வருகிறது என்று பார்க்காமல் பணம் கட்டியவன் நான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 40-க்கும் 45-க்கும் நடுவில் இருக்கும் குதிரை இரண்டு கிளாஸிலும் ஓடலாம். நான்காம் கிளாஸில் ஓடினால் அதுதான் பெரிய ஆள், எடையும் அதற்குத்தான் அதிகம். மூன்றாம் கிளாஸில் ஓடினால் பொடியன், ஆனால் முதுகில் லேசான எடை. டிரெய்னர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதிலேயே பாதி சேதி இருக்கிறது. மேல் கிளாஸில் நாலைந்து தடவை அடிவாங்கி, ரேட்டிங் மெல்ல இறங்கி, கீழ் கிளாஸுக்கு முதல் முறையாக வரும் குதிரையை என் நோட்டில் வட்டம் போட்டு வைப்பேன். அதன் கடைசி ஓட்டங்கள் 7, 9, 6 என்று அசிங்கமாக இருக்கும். அதனாலேயே கூட்டம் அதைத் தொடாது, விலையும் (ஜெயித்தால் கட்டிய ரூபாய்க்கு எவ்வளவு என்பது) நன்றாகக் கிடைக்கும். ஒன்பது சீசனில் எனக்குக் கொஞ்சமாவது சோறு போட்டது இந்த ஒரு வட்டம்தான்.

அடுத்தது காலைப் பயிற்சி நேரம். இன்னர் சேண்ட், அவுட்டர் சேண்ட் என்று எந்த மணல் பாதையில் ஓடியது, 600 மீட்டருக்கு எத்தனை விநாடி, கூடவே 'ஈஸி', 'மூவ்டு ஃப்ரீலி' மாதிரி ஒரு குறிப்பு. 39 விநாடியைப் பார்த்தாலே கை துறுதுறுக்கும். ஆனால் மேலே உட்கார்ந்திருந்தது ரேஸ் ஜாக்கியா, எடை குறைந்த பையனா, முடுக்கி ஓட்டினார்களா, கடிவாளத்தைப் பிடித்துவைத்தே அந்த நேரம் வந்ததா என்பதை அந்த எண் சொல்லாது. முடுக்கி எடுத்த 39-ஐவிடப் பிடித்துவைத்து எடுத்த 43 மேல் என்று இப்போது நினைக்கிறேன். நான் ஒரு குதிரையை இன்னொரு குதிரையின் நேரத்தோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டேன். அதே குதிரை போன மாதம் என்ன செய்தது, இந்த வாரம் என்ன செய்கிறது, அவ்வளவுதான். நீண்ட ஓய்வுக்குப் பிறகு வரும் குதிரைக்கு இந்தக் கட்டம் ரொம்ப உதவும். வாராவாரம் ஓடுகிற குதிரைக்குப் பெரிதாகப் பயனில்லை.

நவம்பர், டிசம்பரில் மழை பெய்தால் ராத்திரி எழுதியதெல்லாம் பாதி வீண். தரை எவ்வளவு இளகியிருக்கிறது என்று பெனட்ரோமீட்டர் வைத்து அளந்து அறிவிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, ஈரத்தில் முன்பு ஓடிக்காட்டிய குதிரைகளை மட்டும் மிச்சம் வைப்பேன். அப்புறம், ஜனவரி 1 வந்தால் எல்லாக் குதிரைக்கும் ஒரு வயது கூடிவிடும், எந்த மாதம் பிறந்திருந்தாலும் சரி. டிசம்பரில் 'இரண்டு வயசுக் குட்டி' என்று எழுதியதை ஜனவரியில் 'மூன்று வயசு' என்று திருத்தும்போது, பொங்கலுக்கு முன்னாலேயே எல்லாருக்கும் சேர்த்துப் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள் என்று தோன்றும்.

டிப்ஸ் வாங்கிய கதையும் உண்டு. நாலாவது சீசனில், தொழுவத்துக்குள்ளிருந்தே தகவல் வருகிறது என்று போனில் பேசிய ஒருவருக்கு மாதச் சந்தா கட்டினேன். என்னோடு வேலை பார்த்த நண்பரும் எனக்குத் தெரியாமல் கட்டியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் இருவரும் போனை எடுத்துக் காட்டிக்கொண்டோம். அதே நான்காவது ரேஸ், எனக்கு ஒரு குதிரை, அவருக்கு வேறு ஒரு குதிரை, இரண்டுக்கும் 'கண்டிப்பா வரும்'. பத்துக் குதிரை ஓடுகிற ரேஸில் பத்துப் பேருக்குப் பத்துப் பெயர் அனுப்பினால் யாராவது ஒருவர் அடுத்த மாதமும் சந்தா கட்டத்தானே செய்வார்! அன்றைக்கு ஜெயித்தது எங்கள் இருவரின் குதிரையும் இல்லை. டீ காசை மட்டும் அவர் கொடுத்தார்.

சரி, என் கணிப்பு எவ்வளவு பலித்தது? பேவரிட் குதிரைகள், அதாவது கூட்டம் அதிகமாகப் பணம் கட்டும் குதிரைகள், சுமாராக மூன்று ரேஸுக்கு ஒன்று ஜெயிக்கும், உலகம் முழுக்கவே ஏறக்குறைய இதுதான் நிலைமை. ராத்திரி ஒரு மணி வரை மண்டையை உடைத்துக்கொண்ட என் முதல் தேர்வும் அதைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நான் உருப்படியாகக் கற்றது எதைத் தொடக்கூடாது என்பதை. ஏழெட்டு ரேஸ் இருக்கும் நாளில் இரண்டு ரேஸுக்கு மட்டும் எதிரே டிக் இருக்கும், மற்றதற்கெல்லாம் 'தொடாதே'. இதுவரை ஓடாத குட்டிகள் நிறைந்த ரேஸ், எல்லாக் குதிரையும் ஒரே தரத்தில் நிற்கும் ஐந்தாம் கிளாஸ் ரேஸ் என்றால் யோசிக்காமல் 'தொடாதே'.

ஜாக்பாட்டை விட்டது இன்னொரு நல்ல காரியம். ஐந்து ரேஸிலும் ஜெயிக்கும் குதிரையைச் சொல்ல வேண்டும். ஒரு ரேஸுக்கு இரண்டு குதிரை போட்டால் 32 டிக்கெட், மூன்று போட்டால் 243. 'இன்னும் ஒன்று சேர்த்துக்கலாம்' என்ற சபலம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அந்தப் பெருக்கலே சொல்லிவிடும். டனாலாவும் அப்படித்தான், முதல் மூன்று இடத்தை வரிசை மாறாமல் சொல்ல யாரால் முடியும்? எனக்கு ஒரே ஒரு முறை வந்தது. அதுவும் ஒரு நம்பரைத் தப்பாகச் சொல்லி வாங்கிய டிக்கெட்.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று சுப்ரீம் கோர்ட் 1996-ல் தீர்ப்புச் சொன்னதை வீட்டில் ஒருமுறை பெருமையாகச் சொன்னேன். "திறமைன்னு சொன்னது குதிரையையா, உங்களையா?" என்று கேட்டாள் மனைவி. தீர்ப்பைப் படித்துப் பார்த்தால், குதிரையின் வளர்ப்பு, பயிற்சி, ஜாக்கியின் திறமை எல்லாம் அதில் பேசப்பட்டிருக்கிறது. நான் மேலே பேசவில்லை. திறமையோ அதிர்ஷ்டமோ, வரி விடுவதில்லை. பந்தயத்துக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆகிவிட்டது. கணிப்பில் கிடைக்கும் துளி லாபமும் அங்கேயே கரைந்துவிடும்.

2024 செப்டம்பரில் மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து, நூற்று அறுபது ஏக்கர் கிண்டி ரேஸ்கோர்ஸை அரசு சீல் வைத்த அன்று வேளச்சேரி போகும் வழியில் வண்டியை ஓரம் கட்டி கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளம் வடிய அங்கே குளம் வெட்டுகிறார்கள் என்றால், மழைக்காலத்தில் வேளச்சேரிப் பக்கம் தண்ணீரில் நின்றவன் என்ற முறையில் வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அன்றிலிருந்து பணம் கட்டுவதில்லை. நோட்டை மட்டும் விடவில்லை. நேற்று ராத்திரி பெங்களூர் ரேஸ் கார்டை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு குதிரை, கடைசி ஓட்டங்கள் 8, 7, 9, கீழ் கிளாஸுக்கு முதல் முறை வருகிறது. வட்டம் போட்டுவிட்டேன். மற்ற ஆறு ரேஸுக்கும் 'தொடாதே'.