மேப்பிளா, ஹிக்கரியா, ஆப்பிளா? கொல்லைப்புற கிரில்லில் புகை போட எந்த மரம்?

மேப்பிள் விறகில் புகை போட்டால் இறைச்சியில் மேப்பிள் பாகின் இனிப்பு ஏறும் என்று நம்பி வாங்குகிறவர்கள் அதிகம். ஏறாது. வசந்தத் தொடக்கத்தில் மரத்தில் ஓடும் சாற்றைக் காய்ச்சித்தான் பாகு எடுக்கிறார்கள். அந்தச் சாற்றிலேயே சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். 40 லிட்டரைச் சுண்டவைத்தால் 1 லிட்டர் பாகு கிடைக்கும். காய்ந்த கட்டையில் இருப்பதோ மற்ற கடினமரங்களில் உள்ள அதே செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். லிக்னின் வெந்து சிதையும்போது வரும் குவாயகால், சிரிங்கால் போன்றவைதான் புகை வாசம். மற்ற இரண்டும் சிதைந்து இறைச்சியின் மேல் பொன்னிறம் ஏற்றுகின்றன. மேப்பிளை வாங்க நல்ல காரணம் அதன் அடக்கம். இறைச்சியின் சுவையையும் மசாலாவையும் அது மூடிவிடாது.

ஹிக்கரி இதற்கு நேர் எதிர். அமெரிக்க பேக்கனில் (உப்பிட்டுப் புகையூட்டிய பன்றி இறைச்சி) வரும் அந்தக் கனத்த வாசம் பெரும்பாலும் ஹிக்கரியுடையது. 3.5 கிலோ பன்றித் தோள்பட்டையை 110 டிகிரி செல்சியஸில் 10 மணி நேரத்துக்கு மேல் வைத்து, உள்வெப்பம் 93 முதல் 95 வரை கொண்டுபோகும் வேலைக்கு ஹிக்கரியே மேல். அவ்வளவு பெரிய துண்டில், மிளகும் உப்பும் அப்பிய மேல்தோலில், மேப்பிள் காணாமல் போய்விடும். கோழியில் கதை தலைகீழ். ஒரு கட்டை கூடிப்போனாலும் ஹிக்கரி கசக்கும். டொராண்டோப் பக்கம் கோடையில் மிளகாய்த்தூள், இஞ்சி, பூண்டு, தேசிக்காய்ப் புளி பிரட்டி ஊறவைத்த கோழித் தொடையைச் சுடும் தமிழ் வீடுகளுக்கு மேப்பிளைத்தான் சொல்வோம். காரம் முன்னால் நிற்கும், புகை பின்னால் வரும்.

ஆப்பிளுக்கும் மேப்பிளுக்கும் வித்தியாசம் நூலிழைதான். ஆப்பிளில் மெல்லிய பழவாசம் உண்டு என்பார்கள். மசாலா தடவிய கோழியில் அதைப் பிரித்தறிவது கடினம். இரண்டில் எது நன்றாகக் காய்ந்திருக்கிறதோ அதை எடுங்கள். செர்ரி மரத்தைச் சேர்ப்பது நிறத்துக்காக. விலா எலும்புக்கு இரண்டு மேப்பிள் கட்டையோடு ஒரு செர்ரி சேர்த்தால் பொன்னிறம் செம்மரநிறமாகும். டெக்சாஸின் மெஸ்கீட் நம் ஊர் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. கொளுத்தும் சூட்டில் மாட்டிறைச்சித் துண்டைச் சட்டென்று வாட்ட நல்லது, நீண்ட நேரப் புகைக்குக் கமறும். வெர்மான்ட் மாநிலத்தில் பன்றித்தொடைக்கு மேப்பிளோடு மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையையும் போட்டுப் புகையூட்டுவது பழைய வழக்கம். மேப்பிளுக்கு அது நல்ல ஜோடி.

மேப்பிள் என்றாலும் எந்த மேப்பிள்? சர்க்கரை மேப்பிள் கனமானது, கன மீட்டருக்குச் சுமார் 700 கிலோ. தணல் நீண்டு நிற்கும். சிவப்பு மேப்பிளும் வெள்ளி மேப்பிளும் மென்மை, சீக்கிரம் எரிந்து தீரும், ஆனால் புகை மோசமில்லை. வெட்டிய மரம் எதுவென்று இலையைப் பார்த்தால் தெரியும். சர்க்கரை மேப்பிள் இலையின் மடல் ஓரம் வழவழப்பு. சிவப்பில் ரம்பப் பல். காம்பை ஒடித்தால் பால் வடிந்தால் அது தெருவோரங்களில் நடும் நார்வே மேப்பிள்.

மரவகையைவிட ஈரம்தான் சுவையைத் தீர்மானிக்கிறது. பிளந்து அடுக்கிய சர்க்கரை மேப்பிள் காய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். ஈரப்பதம் 15 முதல் 20 சதவீதத்துக்குள் வரவேண்டும். ஈரமானி இல்லையென்றால் இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள்: காய்ந்தது ‘டங்’ என்று ஒலிக்கும், பச்சை ‘தொப்’ என்று அமுங்கும். காய்ந்த கட்டையின் வெட்டுமுகத்தில் மையத்திலிருந்து வெடிப்பு ஓடியிருக்கும். கறுப்புக் கோடுகள் வரைந்தாற்போல் ஓடும் கட்டை கடைசல்காரர்களுக்குப் பொக்கிஷம். அந்தக் கோடு பூஞ்சையின் வேலை, அடுப்பில் போடாதீர்கள். பட்டைக்கு அடியில் கரித்தூள்போல் கறுப்புப் பொடி உதிர்ந்தாலும் அதே. அந்தப் பொடி இன்னொரு பூஞ்சையின் வித்துகள். அவற்றைச் சுவாசித்து மேப்பிள் பட்டை உரித்த தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் வந்ததை 1932-லேயே மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

57 செ.மீ. கெட்டில் கிரில்லில் (உருண்டை மூடி போட்ட கரி அடுப்பு) முழுக் கோழிக்கு, கரியை நீறு பூக்கும்வரை பற்றவைத்து ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். மேலே 5 செ.மீ. மேப்பிள் கட்டை இரண்டு போதும். முதுகெலும்பை வெட்டி விரித்த கோழி மறுபக்கம், மூடியின் துவாரம் கோழிக்கு நேர் மேலே. அந்தத் துவாரம் முழுக்கத் திறந்தே இருக்கட்டும். வெப்பத்தைக் கீழ்த் துவாரத்தால் மட்டும் குறையுங்கள். மேலே அடைத்தால் புகை தேங்கி, மூடியின் உட்புறம் கறுத்துப் பிசுபிசுக்கும், கோழியிலும் அதே கசப்பு படியும். வெள்ளையாகக் குபுகுபுவென்று வரும் புகையில் இறைச்சியை வைக்கவே வேண்டாம். 10 நிமிடத்தில் அது மெலிந்து நீலம் பாய்ந்தாற்போல் ஆகும், அப்போது வையுங்கள். 110 டிகிரியில் கோழித்தோல் ரப்பராகிவிடும், 150 முதல் 160 வைத்துக்கொள்ளுங்கள். 1.5 கிலோ கோழி ஒன்றேகால் மணி நேரத்தில் வெந்துவிடும். நெஞ்சில் 74 டிகிரி, தொடையில் 80.

கேஸ் கிரில்லில் கட்டை சரிப்படாது, சிராய்தான். இரண்டு கைப்பிடியை அலுமினியத் தாளில் பொட்டலம் கட்டி, பென்சிலால் மூன்று துளை போட்டு, எரியும் பர்னருக்கு நேர் மேலே கம்பிக்குக் கீழே வையுங்கள். துளை அதிகமானால் காற்றுப் புகுந்து சிராய் தீப்பிடிக்கும். புகைக்குப் பதில் சாம்பல்தான் மிஞ்சும். தண்ணீரில் ஊறவைப்பது வீண் வேலை. ஈரம் மேல்தோலைத் தாண்டாது, அது ஆவியாகும்வரை புகை தாமதப்படும், அவ்வளவுதான். ஒரு பொட்டலம் அரை மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்காது, நீண்ட சமையலுக்கு இரண்டு மூன்றை முன்பே கட்டிவைக்கவேண்டும்.

விறகைத் தொலைவிலிருந்து காரில் ஏற்றி வராதீர்கள். 2003-ல் டொராண்டோ எல்லையில் ஆசிய நீள்கொம்பு வண்டு தென்பட்டபோது ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டித் தள்ள நேர்ந்தது. அந்த வண்டுக்கு மிகப் பிடித்தது மேப்பிள். அதன் புழு கட்டைக்குள் இருந்தபடியே ஊர் மாறும். விழுந்த மரம் உங்கள் தெருவிலேயே கிடைத்தால் அதை அங்கேயே பிளந்து காயப்போடுங்கள், இல்லையென்றால் சூளையில் உலர்த்திய மூட்டையை வாங்குங்கள்.