வேடம் போட்டு ஓட எந்தப் பண்டிகை நல்லது: நத்தாரா, சித்திரையா, பொங்கலா?

சித்திரைப் புத்தாண்டு வந்தால் எங்கள் வன்னிப் பக்கத்து விளையாட்டுக் கழகங்கள் காலையில் மரதன் வைக்கும், பின்னேரம் வினோத உடைப் போட்டி வைக்கும். இந்த இரண்டையும் ஒன்றாக்கி, வேடத்தோடேயே ஓட விட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வெறும் மரதன் என்றால் வெல்லக்கூடிய பொடியன்கள் மட்டும்தான் வருவார்கள். வேடம் என்றால் அம்மாமாரும் வருவார்கள், அப்பப்பாவும் வருவார். சரி, எந்தப் பண்டிகைக்கு வைப்பது?

பலருக்கு முதலில் தோன்றுவது நத்தார். அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1896 முதல், நத்தாருக்கு முந்திய மாதம் வரும் நன்றி நவிலல் (Thanksgiving) பண்டிகை நாளில் வீதியோட்டம் நடக்கிறது. வான்கோழி வேடத்தில்கூட ஓடுகிறார்கள். நவம்பர்க் குளிரில் அந்த உடுப்பு உடம்புக்கு இதம். நத்தார் பாப்பா உடுப்பும் குளிர் நாட்டுக்கு ஏற்றதுதான். இங்கே கடையில் வாங்குவது பெரும்பாலும் பொலியெஸ்டர். வியர்வை ஆவியாகிப் போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே நிற்கும். பஞ்சுத் தாடி கொஞ்சத் தூரத்திலேயே நனைந்து வாயில் ஒட்டிக்கொள்ளும். மூச்சு வாங்கும் நேரத்தில் அதை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். மழையையும் நம்ப முடியாது. 2018இல் நத்தாருக்குச் சில நாள் முன்புதான் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. மன்னார்ப் பக்கம் நள்ளிரவுப் பூசை முடித்து வந்தவர்களை விடியவே எழுப்பவும் மனம் வராது. 25 சரிவரவில்லை என்று 26ஆம் திகதிக்குத் தள்ளுவதை மட்டும் நினைக்கவே வேண்டாம். 2004இல் கடல் வந்த காலை அது. முல்லைத்தீவுக் கரையில் அன்று உறவுகளை நினைத்து அழுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் வேடம் போட்டு ஓடக்கூடாது.

சித்திரைக்கு ஆள் பிடிக்கும் கவலை இல்லை. கொழும்பில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் நிற்பார்கள், கழகங்களும் ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கும். ஆனால் வெயில்! ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கும். கிளிநொச்சிக்கு அது கிட்டத்தட்டப் புத்தாண்டு நாளிலேயே வந்து விழுகிறது. காலை எட்டு மணிக்கே தார் வீதி சுடத் தொடங்கிவிடும். முகமூடி, முழு உடுப்பு எதுவும் சரிவராது. ஆறு மணிக்குத் தொடங்கி ஏழுக்குள் முடிப்பதென்றால் வைக்கலாம். அதற்கு மேல் போனால் சின்னப் பிள்ளைகளை விடக்கூடாது.

என் வாக்கு பொங்கலுக்குத்தான். ஜனவரி நடுவில் மழை பெரும்பாலும் ஓய்ந்து, விடியலில் பனிக்குளிர் இருக்கும். பொங்கலன்று எல்லா வீட்டு முற்றத்திலும் அடுப்பு எரியும், யாரும் வரமாட்டார்கள். அடுத்து வரும் ஞாயிறு பொருத்தம். காலபோக நெல் வெட்டுத் தொடங்கிய இடங்களில் வீதியில் நெல் காயப்போட்டிருப்பார்கள், வெட்டு மெசினும் வரும். ஆகவே பாதையை முதல்நாளே ஒருதடவை சுற்றிப் பார்க்க வேண்டும்.

பொங்கலுக்கு வேடமும் வீட்டிலேயே இருக்கிறது. பருத்திச் சாறம், தலைப்பாகை, நெற்கதிர் செருகிய தொப்பி, அட்டையில் வெட்டி வர்ணம் பூசிய மாட்டுக் கொம்பு. காசும் போகாது, காற்றும் உள்ளே வரும். சாறத்தைச் சண்டிக்கட்டாகக் கட்டி, உள்ளே காற்சட்டை போட்டு ஓடினால் கால் தடக்காது. வேட்டியைத் தொங்க விட்டால் கட்டாயம் விழுவார்கள். தொடை உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெய் பூசினால் புண்படாது. பெண்பிள்ளைகள் பாவாடையைக் கணுக்காலுக்கு நன்றாக மேலே உயர்த்திக் குத்திக்கொள்ளட்டும். முகம் மூடும் வேடம் மட்டும் வேண்டாம்; மூச்சு முட்டுவது ஒருபுறம், எங்கள் ஒழுங்கை நாய்கள் முகம் தெரியாத ஆளைத் துரத்தாமல் விடமாட்டா.

பாதை விசயத்தில் ஏ9 நெடுஞ்சாலை பற்றி அதிகம் பேசத் தேவையில்லை, அங்கே ஓடும் பஸ்களின் வேகம் எல்லோருக்கும் தெரியும். குளக்கட்டு பார்க்க வடிவு, காற்றும் நல்லது. ஆனால் கிரவல் றோட்டில் செயற்கைக் கால் வழுக்கும், சக்கர நாற்காலி புதையும். போருக்குப் பிறகு எங்கள் ஊர்களில் இப்படி வாழ்கிறவர்கள் எத்தனை பேர் என்று வெளியாருக்குச் சொன்னால்தான் தெரியும். அவர்கள் கைதட்டும் வரிசையில் நிற்காமல் ஓடும் வரிசையில் வர வேண்டும். அதனால் மேடுபள்ளம் இல்லாத ஊர்த் தார் வீதியே சரி, ஐந்து கிலோமீற்றரோடு ஒரு கிலோமீற்றர் பிரிவும் வேண்டும். பொலிசுக்கு முன்கூட்டியே அறிவித்து, சந்திகளில் ஆள் நிறுத்தி, தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தால் போதும்.

பரிசை வேகத்துக்கு ஒன்று, வேடத்துக்கு ஒன்று என்று பிரித்து வையுங்கள். வேடத்துக்கான புள்ளியை முடிவுக்கோட்டில் வைத்துப் போடுங்கள். அப்போதுதான் பாதி வழியில் கொம்பைக் கழற்றி வேலியில் கொழுவிவிட்டு ஓடமாட்டார்கள்.