பிரிட்டன் நாடாளுமன்ற மனுத் தளம்: நம்பிக் கையெழுத்துப் போடலாமா?

இணையத்தில் மனுத் தளங்களுக்குக் குறைவில்லை. பலவற்றில் கையெழுத்து ஏறிக்கொண்டே போகும். அதை யார் படிக்கிறார்கள் என்பதுதான் தெரியாது. பிரிட்டன் அரசும் நாடாளுமன்றமும் சேர்ந்து 2015 முதல் நடத்தும் இந்தத் தளம் தன் எல்லையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு எழுத்தில் பதில் தரும். 1,00,000 ஆனால் விவாதத்துக்கு எடுக்கலாமா என்று எம்.பி.க்கள் அடங்கிய மனுக்கள் குழு பரிசீலிக்கும்.

பிரிட்டன் குடிமக்களோடு அங்கே வசிப்பவர்களும் கையெழுத்திடலாம். கையில் இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ இருந்தாலும் பரவாயில்லை. பெயர், மின்னஞ்சல், அஞ்சல் குறியீடு கொடுத்தபின், மின்னஞ்சலில் வரும் இணைப்பை அழுத்தினால்தான் கையெழுத்து கணக்கில் சேரும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்பேம் பெட்டியையும் பார்த்துவிடுங்கள்.

புது மனு என்றால் முதலில் 5 ஆதரவாளர்கள் வேண்டும். பிறகுதான் ஊழியர்கள் விதிப்படி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதே கோரிக்கை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் தள்ளுபடி. உள்ளூராட்சி மன்றம் செய்ய வேண்டியதைக் கேட்டாலும், என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லாவிட்டாலும் அதே கதிதான். எனவே எழுதும் முன் தேடிப் பாருங்கள். நிராகரித்தவற்றையும் பெரும்பாலும் காரணத்தோடு வெளியிடுகிறார்கள். மனு எழுதப் பழக அதைவிட நல்ல பாடம் கிடையாது.

மனுவின் ஆயுள் 6 மாதம். இடையில் தேர்தலுக்காக நாடாளுமன்றம் கலைந்தால், திறந்திருக்கும் மனுக்கள் எல்லாம் அன்றோடு மூடப்படும். புதிய நாடாளுமன்றத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். விவாதம் வழக்கமாகத் திங்கள் மாலை நாடாளுமன்ற வளாகத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் நடக்கும். அமைச்சர் பதில் சொல்வார், ஆனால் சட்டத்தை மாற்றும் வாக்கெடுப்பு இருக்காது. 2019இல் பிரெக்ஸிட்டை, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதைக் கைவிடக் கோரிய மனுவுக்கு 60 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து குவிந்து, நெரிசலில் தளமே முடங்கியது. விவாதமும் நடந்தது, அரசு மட்டும் அசையவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது தொகுதிவாரி வரைபடம். எந்தத் தொகுதியில் எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள் என்று காட்டும், தரவையும் இறக்கிக்கொள்ளலாம். உங்கள் எம்.பி.க்குத் தனியாக எழுதும்போது அந்த எண்ணை முதல் வரியிலேயே போடுங்கள். தளம் உங்கள் சார்பில் அவருக்குக் கடிதம் எழுதாது. அதற்கு 'ரைட் டு தெம்' (WriteToThem) என்ற தனி இணையச் சேவை இருக்கிறது: அஞ்சல் குறியீட்டை வைத்து உங்கள் பிரதிநிதியைக் கண்டுபிடித்துக் கடிதத்தை அனுப்பும். ஆனால் ஊரே ஒரே வாசகத்தை வெட்டி ஒட்டி அனுப்பினால் தடுத்துவிடும். சொந்த வார்த்தையில் நாலு வரி எழுதுங்கள், போதும்.