ஓவர்லோடு லாரியை எங்கே பிடிப்பது: நடுரோட்டிலா, டோல்கேட்டிலா, குவாரி வாசலிலா?

ஜல்லி வாங்கியவர்களுக்குத் தெரியும், அந்த வியாபாரத்தில் டன் என்ற பேச்சே குறைவு. எல்லாம் யூனிட் கணக்கு. ஒரு யூனிட் 100 கன அடி. நாலு டன்னுக்கு மேல் வரும். மோட்டார் வாகனச் சட்டம் பார்ப்பதோ டன்னை. பத்துச் சக்கர லாரிக்கு வண்டியும் சரக்கும் சேர்த்து 28.5 டன்தான் வரம்பு.

நமக்குப் பழகியது நடுரோட்டுச் சோதனை. ஆய்வாளர் கை காட்டி நிறுத்தி, பக்கத்து எடைமேடைக்கு வண்டியை விடச் சொல்வார். 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. 15 டன் கூடினால் 50,000 ஆகிறது. ஆனால் நிறுத்தி எடை போட மறுத்தால் 40,000தான்! நிறைய ஏற்றியவருக்கு எடைமேடைப் பக்கமே போகாமலிருப்பது 10,000 ரூபாய் லாபம். யார் கணக்குப் போட்டார்களோ. அப்புறம், கூடுதல் சரக்கை இறக்கிய பிறகே வண்டி நகரலாம் என்கிறது சட்டம். ராத்திரி இரண்டு மணிக்குச் சாலையோரத்தில் பத்து டன் ஜல்லியை எங்கே கொட்டுவது?

டோல்கேட்டில் ஓடும் வண்டியையே எடை போடும் தகடு இருந்தால் ஆள் தயவு தேவையில்லை. அச்சு (ஆக்ஸில்) வாரியாகவும் அளக்கும். சாலையைக் கெடுப்பது அச்சு எடைதான்: அது இரட்டித்தால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. 2018-ல் நாலு டயர் ஒற்றை அச்சின் வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 ஆக்கினார்கள். கேட்க 13 சதவீதம்தான். அதே சேதக் கணக்கில் 60 சதவீதம். ஆனால் தகட்டின் மேல் சட்டென்று பிரேக் அடித்தால் அளவு தடுமாறும். டோல்கேட்டைச் சுற்றிப் போகும் ஊர்ச்சாலைகளும் இருக்கின்றன.

என் ஓட்டு குவாரி வாசலுக்கு. எடை கூடினாலும் லோடர் பக்கத்திலேயே நிற்கிறது. இரண்டு பக்கெட் அள்ளினால் வேலை முடிந்தது. சட்டத்தின் 194-ஆம் பிரிவும் ஓட்டியவரோடு நிற்கவில்லை, ஓட்டச் செய்தவரையும் அனுமதித்தவரையும் சேர்த்தே சொல்கிறது. நடைமுறையில் மாட்டுவது டிரைவர்தான், அது வேறு கதை.

குவாரியின் எடைமேடை குவாரிக்காரருடையது என்பதுதான் உறுத்தல். சரி, அவர் தரும் சீட்டின் எடையை டோல்கேட் தகட்டின் எடையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஐந்து டன் வித்தியாசம் வந்தால் நோட்டீஸ் முதலில் குவாரிக்குப் போகட்டும்.